சிவப்புக் காதுவில்லை

எபனேசர்புரம்,
27-1-2025, திங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி ஹெப்ரானுக்கு, அக்கா பியூலா எழுதுகிறேன்.

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கும் ஆசைதான். நலமாக இருந்தால் நான் ஏன் பேனாவைத் தேடப்போகிறேன்? உன் மலை முகாமில் டவர் கிடையாது. வயர்லெஸ்ஸில் பேசினால் ரேஞ்சர் முதல் சமையல்காரர் வரை அத்தனை பேரும் கேட்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நல்லவேளையாக, இங்கே பிடிக்கிற மான்களை உங்கள் மலைக்கு ஏற்றி வருகிற லாரிக்கு நம்ம சீவலப்பேரி சங்கிலிபூதத்தான்தான் டிரைவர். "குடுங்கக்கா, மானோட மானா இதுவும் போயிட்டுப் போவுது" என்று கையை நீட்டினார். கடிதத்தில் மான் மூத்திர வாடை அடித்தால் என்னைத் திட்டாதே.

விஷயம் இதுதான். வயலில் பிசான நெல் பால்பிடித்து நிற்கிறது. மான் விடமாட்டேன் என்கிறது. நாம் பிள்ளைகளாக இருந்தபோது மில் பங்களா வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்போமே, அந்த மான்களின் வாரிசுகள்தான். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் பங்களாச் சுவர் விழுந்து ஆறேழு மான் வெளியே வந்தது. இன்றைக்குக் குளத்தங்கரை முள்ளுக்காடு, அந்த உடங்காடு முழுக்க நூற்றைம்பது நிற்கிறது. காட்டு மானும் இல்லை, வீட்டு மானும் இல்லை. தகரத்தைத் தட்டினால் நின்று கேட்டுவிட்டு மறுபடியும் மேய்கிறது.

அரசாங்கம் இப்போதுதான் கண் விழித்திருக்கிறது. உடங்காட்டுக்குள் பச்சைத் துணியால் நீளமாகச் சுவர் கட்டி, உள்ளே அகத்திக் குழையைப் போட்டு, மான் நுழைந்ததும் வழியை அடைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு. இந்த வேகத்தில் எல்லாம் போய்ச் சேரச் சித்திரை கழிந்துவிடும். அதற்குள் என் நெல் புழுக்கையாகிவிடும்.

எனக்கு மானைக் கண்டு பயமில்லை. உன் அத்தானைக் கண்டுதான் பயம். சனிக்கிழமை திருநெல்வேலி போனவர் ஒரு சுருள் கம்பியோடு வந்து இறங்கினார். எதற்கு என்றேன். "மோட்டார் ரூம்புல இருந்து ஒரு லயின் இழுத்து வயலச் சுத்தி விட்டா, எல்லாத்துக்கும் புத்தி வந்துரும்லா" என்கிறார். கரண்டு! யாருக்குப் புத்தி வரும்? விடியற்காலம் வரப்பில் நடந்து போகிற பேச்சித்தாய்க்கா? கேட்டால், "ஏட்டி, உன் தம்பி மாதிரி பேசாத" என்று வாயை அடைக்கிறார். குடியை விட்டு ஐந்து வருஷமாகிறது, மனுஷனுக்கு முரட்டுத்தனம் மட்டும் விடவில்லை.

டார்லினைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்துவிட்டோம். ஏழாம் மாதம். மருமகன் குவைத்திலிருந்து தினமும் போனில் வயிற்றைக் காட்டச் சொல்கிறானாம். பிள்ளை வயிற்றோடு வாசலில் நடக்கிறாள், அந்தக் கம்பிச் சுருள் அதே வாசலில் கிடக்கிறது. நீ சொன்னால் கேட்பார். ஒரு வரி எழுது.

உன் அக்கா,
பியூலா.


மலை முகாம்,
30-1-2025, வியாழன்.

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாடையோடுதான் கிடைத்தது.

கம்பி வேண்டவே வேண்டாம். அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல். மான் செத்தால் ஜாமீன் லேசில் கிடைக்காது, வருஷக்கணக்கில் உள்ளே போக வேண்டும். மனுஷர் செத்தால் அதைவிட மோசம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷமாகத் தற்காலிக வனக் காவலராக இருக்கிறேன். நிரந்தரம் செய்கிற பட்டியலில் இந்தத் தடவை என் பெயர் இருக்கிறது. அக்கா வீட்டு வயலில் மான் செத்தது என்றால் அந்தப் பெயரை அழிக்க ஒரு பேனாக் கோடு போதும்.

இங்கே எனக்கு வேலை, உங்கள் ஊரிலிருந்து வருகிற மான்களைக் காட்டுக்குள் விடும்வரை பட்டியில் வைத்துக் காவல் காப்பது. முதல் லாரியில் பதினாலு வந்தது. மறுநாள் காலையில் மூன்று எழுந்திருக்கவில்லை. உடம்பில் கீறல் இல்லை, காயம் இல்லை. முகாமின் கால்நடை டாக்டரிடம் கேட்டேன். "பயம்யா. பிடிபட்ட பயத்துலயே சதை கெட்டு, இதயம் நின்னு போயிரும்" என்றார். புலி வேண்டாம், நோய் வேண்டாம், பயம் ஒன்றே போதுமாம் மானுக்கு.

இப்போது லாரி வந்ததும் முதல் வேலை, கறுப்புத் துணியால் மானின் கண்ணைக் கட்டிவிடுவது. யாரும் பேசக்கூடாது. எதுவும் தெரியாவிட்டால் பைய மூச்சு அடங்குகிறது. பிறகு காதில் மஞ்சள் வில்லை ஒன்று போட்டு, எண் எழுதி, பட்டியில் விடுகிறோம். நம் மாட்டுக்கு இன்சூரன்சுக்காகப் போடுவார்களே, அதே மாதிரிதான். மஞ்சள் வில்லை போட்ட மானை எங்கே பார்த்தாலும் அது கணக்கில் உள்ள மான், அதை நெருங்கவே வேண்டாம் என்று அத்தானிடம் சொல்.

டார்லினை வெயிலில் விடாதே. லீவு கிடைத்தால் கோயில் அசனச் சாப்பாட்டுக்கு வருவேன். கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது.

தம்பி,
ஹெப்ரான்.


எபனேசர்புரம்,
13-2-2025, வியாழன்.

அன்பான தம்பிக்கு,

இதைப் படித்தவுடன் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியில் மட்டும் இல்லை, வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் பயம். வாசலில் பைக் சத்தம் கேட்டால் ஜன்னல் ஓரம் போய் எட்டிப் பார்க்கிறேன்.

உன் கடிதத்தை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். கம்பி போடமாட்டேன் என்று தலையை ஆட்டினார். போன திங்கட்கிழமை மான் கூட்டம் கால் பங்கு நெல்லை அழித்துவிட்டுப் போயிற்று. அன்று சாயங்காலமே எனக்குத் தெரியாமல் கம்பியை இழுத்திருக்கிறார். செவ்வாய் விடிந்ததும் நான் வயலுக்குப் போனேன். மேற்கு வரப்பில் பெரிய கொம்பு மான் ஒன்று, கால் மடங்கி, கண் திறந்தபடி கிடந்தது. காதில் வில்லை. நீ மஞ்சள் என்று எழுதியிருந்தாய், இது சிவப்பு. கிடாவுக்குச் சிவப்பு போலிருக்கிறது என்று நினைத்தோம்.

புதைத்துவிடலாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மீன் யாவாரம் செய்கிற குமரவேலு அந்த வழியாக வந்து சேர்ந்தார். இரண்டு பேருமாக ஒரு மணி நேரத்தில் உரித்து, துண்டு போட்டு, குமரவேலுவின் ஐஸ் பெட்டியில் மீனுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். தோலும் கொம்பும் கிணற்றில். வில்லையை நான் அரிசி டிரம்முக்குள் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். "கொம்பு மான் ஒண்ணு துணியத் தாண்டி ஓடிட்டு. பாத்தா தொடாதிய, கிட்டப் போவாதிய, உடனே போன் போடுங்க" என்றார்கள். கேஸைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள் என்று நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் பின்னாலேயே உன் அத்தான் ஈரலைப் பிரட்டிக்கொண்டிருந்தார். குமரவேலுவுக்குச் செவ்வாய் விரதம், தொடவில்லை. இவர் ஒருவராகத் தின்றுவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தவர்தான், சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்தார். வாயில் எச்சில் வழிகிறது, நாக்குக் குழறுகிறது. மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று நான் அழுத அழுகை கொஞ்சமில்லை. "கர்த்தர் சத்தியமா குடிக்கலட்டி" என்கிறார். யார் நம்புவது?

இனித்தான் பெரிய பயம். ஞாயிற்றுக்கிழமை நம் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம். கோயில் வளாகத்தில் ஊரே பந்தியில் உட்காரும். சின்னப் பிள்ளையில் நீ மூன்று பந்தியிலும் உட்கார்ந்தவனாயிற்றே! இருபது வருஷமாக அசனத்துக்குக் கிடா அறுத்துக் கறி போடுகிற பொறுப்பு உன் அத்தானுடையது. அந்தக் கறியோடு இதையும் சேர்த்துவிடப் போகிறாராம். "ஊரே திங்கட்டும் ஏட்டி. நாளைக்கு எவனாவது வாயத் தொறந்தா, அவன் தின்னதும்லா சேந்து வெளிய வரும்? ஒருத்தன் மூச்சு விடமாட்டான்" என்கிறார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்த மனுஷன் உலையை வைத்தே ஊர் வாயை மூடப் பார்க்கிறார். சாமிக்கு முன்னால் ஜெபம் பண்ணி வைக்கிற சாப்பாடு இல்லையா அது?

பின்தொடை ஒன்றை மட்டும் நம் பிரிட்ஜில் வைத்திருக்கிறார், டார்லினுக்குச் சூப் வைத்துக் கொடுக்க வேண்டுமாம். அவளுக்குக் கறி வாடையே ஆவதில்லை, அதனால் அது அப்படியே இருக்கிறது.

நான் என்ன செய்ய? சொன்னால் தாலி கட்டினவர் ஜெயிலுக்குப் போவார், உன் வேலையும் போகும். சொல்லாவிட்டால் ஊரையே திருட்டுக் கறி தின்ன வைத்த பாவம். பதில் போடு.

பியூலா.


மலை முகாம்,
14-2-2025, வெள்ளி.

அக்கா,

முதலில் இதைச் செய். பிறகு மற்றதைப் படி. அந்தக் கறியை யாரும் தின்னக்கூடாது. ஒரு துண்டுகூட. டார்லின் அதன் பக்கமே போகக்கூடாது. பிரிட்ஜில் இருக்கிற தொடையை எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் புதை.

சிவப்பு வில்லை என்றால் ஊசி போட்ட மான். பெரிய கொம்பு மான்கள் துணிக்குள் முட்டி மோதிச் சாகின்றன என்று போன வாரத்திலிருந்து மயக்க மருந்து அம்பு போடுகிறார்கள். பின்தொடையில்தான் போடுவார்கள். அன்றைக்கு ஒன்று, காதில் வில்லை போட்டு முடித்ததும் பாதி மயக்கத்தில் துள்ளித் தாண்டிவிட்டது என்று எங்களுக்கும் தகவல் வந்தது. மஞ்சளைப் பற்றி எழுதின நான் சிவப்பைப் பற்றி எழுதவில்லை. அப்போது சிவப்பே கிடையாது, அக்கா. வந்தபிறகாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அத்தான் குடிக்கவில்லை. அது ஈரலில் இறங்கிய மருந்து. அவரைத் திட்டாதே.

டாக்டரிடம் சும்மா சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டேன். "சார், ஊசி போட்ட மான யாராவது தின்னா என்ன ஆவும்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முப்பது நாளைக்கு அந்தக் கறி ஆகாதாம். ஈரலும் ஊசி விழுந்த இடமும் ரொம்ப மோசமாம். "பிள்ளத்தாச்சியா இருந்தா அந்த மருந்துப் பாட்டில் பக்கமே விடமாட்டோம். கர்ப்பப்பையைச் சுருக்கிடும்" என்றார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

லீவு கேட்டேன். பட்டியில் மான் இருக்கிறவரை யாரும் கீழே இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் ரேஞ்சர். டவர் எடுக்கிற இடம் ஒன்பது கிலோமீட்டர், யானை நிற்கிறது. வயர்லெஸ்ஸை இரண்டு தடவை கையில் எடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மணி நேரத்தில் ஊருக்கு ஆள் வந்துவிடும். அத்தான் கையில் விலங்கு விழும், என் பெயரும் போகும். இரண்டு தடவையும் கீழே வைத்துவிட்டேன். அசனம் ஞாயிறுதானே, நாளைக் காலை லாரி இறங்குகிறது. அதற்குள் ஒன்றும் ஆகாது. சங்கிலிபூதத்தான் நேரே உன் கையில்தான் கொடுப்பார்.

யாருக்காவது ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல். மருந்தின் பெயரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மறைக்காதே. என் வேலை போனாலும் போகட்டும்.

ஹெப்ரான்.


பாளையங்கோட்டை,
19-2-2025, புதன்.

தம்பி,

பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் கடிதம் சனிக்கிழமை வரவில்லை. அன்று முகாமில் இரண்டு மான் செத்து, சோதனை முடியும்வரை லாரியை நிறுத்திவிட்டார்களாமே. ஞாயிறு காலை பத்தரைக்குத்தான் சங்கிலிபூதத்தான் கோயில் வாசலுக்கு வந்தார். உள்ளே சபை ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். நான் காய் நறுக்குகிற பெண்களோடு வெளியே இருந்தேன். வேப்பமரத்தடியில் நின்று படித்தேன்.

டார்லின் கால் வீங்கி வீட்டில் படுத்திருந்தாள். தொடை பிரிட்ஜில் இருக்கிறது, அவள் தொடமாட்டாள் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். அங்கேதானே முந்நூற்றைம்பது பேருடைய சாப்பாடு கொதித்தது? ஐயர் பிள்ளைகள், பேச்சித்தாயின் பேரப்பிள்ளைகள், பந்தி எப்போது என்று சுற்றிச் சுற்றி வருகிற சின்னதுகள், எல்லாரும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள்.

உன் அத்தான் பெரிய அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தார். காதோடு காதாகச் சொன்னேன். மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசல் கேன் பக்கத்தில் இருந்தது. தூக்கினேன். அந்த நேரத்தில்தான் கோயிலுக்குள் திருவிருந்து ஆராதனைக்கு மணி அடித்தது. அந்தச் சத்தத்தோடு கறி கொதித்த மூன்று வட்டாவிலும் ஊற்றினேன்.

அதன்பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. முடியைப் பிடித்து இழுத்தார்கள். "பைத்தியம் பிடிச்சிட்டாட்டி", "புருசன் மேல உள்ள கோவத்த சாமி சோத்துல காட்டுதா பாரு" என்று ஆளுக்கொரு பக்கம். ஐயர் ஓடி வந்து விலக்கிவிட்டார். பைத்தியக்காரி என்றே இருக்கட்டும், யாரும் தின்னவில்லை, வீட்டுக்காரரும் தப்பினார் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது. எவ்வளவு முட்டாள் நான்!

அப்போதுதான் உன் அத்தான் என் கையைப் பிடித்தார். "ஏட்டி, அந்தத் தொட... காலையில குக்கர்ல வச்சேன். வாட தெரியாம இருக்க மெளகு தூக்கலாப் போட்டேன். மூக்கப் பொத்திக்கிட்டாவது ஒரு டம்ளர் குடி மக்களேன்னு அவகிட்டச் சொல்லிட்டு வந்தேன்."

போன் அடித்தோம், எடுக்கவில்லை. ஓடினோம். டார்லின் கட்டிலில் ஒருச்சாய்ந்து கிடந்தாள். வாயோரம் எச்சில். டம்ளர் காலி. உலுக்கினால் "ம்" என்கிறாள், கண் திறக்கவில்லை. வயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விடுகிறது. குமரவேலுதான் கார் பிடித்து வந்தார்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "காலைல இருந்து என்ன சாப்பிட்டா?" நான் உன் கடிதத்தை முந்தானையில் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுதான், நாக்கு எழவில்லை. உன் அத்தான்தான் முன்னால் வந்தார். "மான் கறிம்மா. ஊசி போட்ட மானு. கரண்டு வச்சு நான்தான் கொன்னேன். மருந்து பேரு இதுல எழுதியிருக்கு" என்று என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி நீட்டினார். சுற்றி இருபது பேர் நின்றார்கள். ஊர் வாயை மூடப் போனவர் தன் வாயைத் தானே திறந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவரை நான் எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டேன்.

மருந்துப் பெயர் தெரிந்ததால் டார்லின் பிழைத்தாள். வலியை மட்டும் நிறுத்த முடியவில்லை. திங்கள் விடிகாலையில் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. ஒரு கிலோ முந்நூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். என் உள்ளங்கை நீளத்துக்கு முதுகு. யாராவது கதவைச் சத்தமாகச் சாத்தினால் உடம்பு முழுக்க உதறுகிறது. மருந்தால் வந்ததா, பயத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது, பத்து நாள் தாண்டட்டும் என்கிறார் டாக்டரம்மா. இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு தடவை நர்ஸ் வெளியே வரும்போதும் எழுந்து நிற்கிறேன்.

அத்தானைத் திங்களன்றே வனத்துறையில் கூட்டிப் போய்விட்டார்கள். இங்கிருந்து அரை மைல் தூரத்து ஜெயிலில்தான் இருக்கிறார். மனு போட்டுப் பார்க்கப் போனேன். கேட்டது ஒன்றுதான்: "பிள்ள அழுதாட்டி?"

தம்பி, இதை எழுத வந்ததே ஒரு கேள்விக்காகத்தான். டார்லின் எழுந்தபிறகு சொன்னாள், கோயில் மணி அடிக்கும்போதுதான் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த டம்ளரைக் குடித்தாளாம். அதே மணிதான். நான் டீசல் கேனைத் தூக்கியபோது அடித்த மணி. நான் கொட்டகைக்கு ஓடாமல் நேரே வீட்டுக்கு ஓடியிருந்தால் டம்ளரைத் தட்டிவிட்டிருப்பேன். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போனேன்.

உன் டாக்டரிடம் கேட்டு எழுது. அந்தக் கறியை ஊர் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது தெரியாமல் எனக்குக் கண் மூட முடியவில்லை.

பியூலா.


மலை முகாம்,
21-2-2025, வெள்ளி.
(எழுதியது, அனுப்பவில்லை)

அக்கா,

டாக்டரிடம் கேட்டேன். இந்தத் தடவை சந்தேகம் கேட்கிற மாதிரி இல்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். எத்தனை கிடா, எத்தனை கிலோ, எத்தனை பேர். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணும் ஆயிருக்காதுப்பா. ஈரல் போயிடுச்சு, பொண்ணு மயங்கினதப் பாத்தா ஊசி போட்ட தொடை வீட்டுலதான் இருந்திருக்கு. மிச்சக் கறி அத்தனை பேருக்குப் பிரிஞ்சா, ஒரு கொட்டாவி வந்திருக்கும். அவ்வளவுதான்."

அந்தப் பானையில் ஆபத்தே இல்லை. ஆபத்து முழுவதும் உன் வீட்டில் ஒரு குக்கருக்குள் இருந்தது. நீ ஓட வேண்டிய பக்கம் அதுதான்.

ஆனால் உன்னை அந்தப் பக்கம் ஓட வைத்தது யார்? கடிதத்தில் ஊரை முதலில் எழுதி, டார்லினைப் பிறகு எழுதியவன் நான். வெள்ளிக்கிழமை வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்து இரண்டு தடவை கீழே வைத்தவனும் நான்தான். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அந்தத் தொடை பிரிட்ஜிலிருந்தே ஜீப்பில் ஏறியிருக்கும்.

பொய்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று எனக்கு மனப்பாடம் பண்ணிவிட்டவள் நீ. இந்தக் கடிதத்தை உனக்கு எப்படி அனுப்புவேன்? பத்து நாள் அந்தக் கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் நீ உட்கார வேண்டும். இது தெரிந்தால் உட்காரமாட்டாய். லாரியில் வருகிற மானுக்கு நாங்கள் முதலில் என்ன செய்கிறோமோ, அதைத்தான் உனக்கும் செய்யப்போகிறேன்.


மலை முகாம்,
21-2-2025, வெள்ளி.

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டரிடம் கேட்டேன். நல்லவேளை, அந்த அம்மா கொட்டினாங்க என்றார். அந்தக் கறியை ஊர் தின்றிருந்தால் ஒரு வீடு தப்பியிருக்காதாம். சின்னப் பிள்ளைகள் முதலில் போயிருக்குமாம். இதை அவர் இரண்டு தடவை சொன்னார். நீ முதலில் எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போனாய். இனி இதை யோசிக்காதே, தூங்கு.

தப்பு என்னுடையது. வெள்ளிக்கிழமை வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. வேலைக்குப் பயந்து சொல்லவில்லை. இதை ரேஞ்சரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்த அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், நிஜமாக.

ரேஞ்சர் விட்டுவிட்டார், திங்கட்கிழமை லாரியில் இறங்கி வருகிறேன். அதுவரை நர்ஸிடம் கேட்டு, பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டு வை. பேசாதே, அசையாதே. அந்த விரலை அவள் பிடித்துக்கொள்வாள். பிடித்துவிட்டால் உதறல் நிற்கும்.

இன்னொன்று. டாக்டரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று நீ கிளம்பி வந்துவிடாதே. போன் நம்பரும் கேட்காதே. அவர் மாற்றலாகி எங்கேயோ வடக்கே போய்விட்டார்.

உன் தம்பி,
ஹெப்ரான்.